உங்கள் பெயரில் ஒரு பாடு

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், அரங்கங்குப்பம், கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் என்று பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்து, இன்று கம்பெனிச் செலவில் ஊர் ஊராகச் சுற்றி, மாதத்தில் பாதி நாள் ஹோட்டலில் தூங்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்கள் அக்கா எழுதுவது.

போன மாதம் பொன்னேரியில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது நம்ம பக்கத்துத் தம்பி ஒருவன் வந்து உட்கார்ந்தான். பெங்களூரில் வேலை. தொழிற்சாலைகளுக்குப் போய் இயந்திரம் பொருத்திக் கொடுக்கும் வேலையில் மூன்று வருடம் புனே, ஹைதராபாத், துபாய் என்று அலைந்தவன். இப்போது இரண்டு வருடமாக ஒரே இடத்தில் இருக்கிறான். "அக்கா, நீயும் இப்படிச் சுத்தறவதானே, இது என்னான்னு பாரு" என்று போனை நீட்டினான். ஒரு ஹோட்டல் நிறுவனத்தின் ஆப். அவன் பெயர், அதன் கீழே, அங்கே தங்கிய இரவுகளுக்காகச் சேர்ந்த ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் பாயின்ட். ஒரு நாளும் அதை அவன் தொட்டதில்லை. ஏதோ விளம்பரம் என்று இருந்திருக்கிறான்.

கடைசியாக அந்த நிறுவனத்தின் ஹோட்டலில் எப்போது தங்கினாய் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினான். இருபத்திரண்டு மாதம். இருபத்து நாலு மாதம் கணக்கு அசையாமல் கிடந்தால் மொத்த பாயின்ட்டும் போய்விடும் என்பது அங்கே விதி. இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் மூன்று வருட அலைச்சல் வழித்துப் போட்டது மாதிரி ஆகியிருக்கும். அவன் அம்மா எதிர்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். இருபது வருடம் தலைச்சுமையாக மீன் விற்றவர். முட்டி வலியால் காலை நீட்டி வைத்திருந்தார்.

அன்றிரவே எழுத வேண்டும் என்று நினைத்த கடிதம் இது.

இந்த பாயின்ட்டை நான் நம் ஊர்ப் பாடு மாதிரிதான் பார்க்கிறேன். பாடு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்களில் பலர் பத்து வயதிலேயே ஹாஸ்டலுக்குப் போனவர்கள். அதனால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஏரியில் எல்லா இடமும் ஒன்றில்லை. முகத்துவாரத்தை ஒட்டி, கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஓட்டத்தில் இறால் விழும். உள்ளே தள்ளிப் போகப் போக அந்த அளவுக்கு விழாது. நல்ல இடத்தில் வலிமையுள்ளவனே தினமும் வலை கட்டினால் மற்றவன் பட்டினி. அதற்காகத்தான் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, சுத்து வலை கட்டும் இடங்களை முறை வைத்துப் பிரித்தார்கள். இன்று உனக்கு நல்ல தண்ணீர், நாளை அவனுக்கு. முறை வராத நாளில் எவ்வளவு பெரிய ஆளானாலும் அந்தப் பக்கம் வலை போட முடியாது. முறை வந்த நாளில் எவ்வளவு ஏழையானாலும் அந்தத் தண்ணீர் அவனுடையது. கோட்டைக்குப்பமும் ஆண்டிக்குப்பமும் நடுவூர் மாதாகுப்பமும் தலைமுறை தலைமுறையாகக் காத்த ஏற்பாடு இது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்து இதைப் படித்துப் புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பாடு யாருக்கு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். பட்டினவர் சமூகத்தில் பிறந்து கல்யாணமான ஆணுக்கு. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, பறியை வாயில் கவ்விக்கொண்டு கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களுக்கு இல்லை. ஏலத்தில் மீன் எடுத்துச் சந்தைக்குச் சுமக்கும் நம் அம்மாக்களுக்கும் இல்லை. எனக்கும் இல்லை. வீட்டில் மூத்தவள் நான். என் தம்பிக்குக் கல்யாணம் முடிந்த பிறகு அவன் பெயர் பாட்டில் ஏறிய நாளில் அப்பா தெருவுக்கே கலர் வாங்கிக் கொடுத்தார். நான் ஆடிட் அலுவலகத்தில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது அப்போது. பொறாமையில் சொல்லவில்லை. என் பெயரில் ஒரு முறை என்பது என் வாழ்க்கையில் முதன்முதலாக வந்தது ஒரு ஹோட்டல் உறுப்பினர் எண்ணாகத்தான். அதனால் அதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. நீங்களும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இந்த பாயின்ட் வந்த கதை சின்னது. 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அடிக்கடி பறப்பவர்களுக்கு மைல் கணக்கு எழுதத் தொடங்கியது. இரண்டே வருடத்தில், 1983-ல், ஹாலிடே இன்னும் மாரியட்டும் அதே வழியில் வந்தன. எங்கே தங்கினாலும் ஒன்றுதான் என்று இருப்பவனைத் தன் கதவுக்கே திரும்பி வரவைக்க வேண்டும் என்பது நோக்கம். நம் கரையில் இதற்கு ஒரு பழைய உறவுமுறை உண்டு. வலை வாங்க, இன்ஜின் வாங்க வியாபாரி முன்பணம் கொடுப்பான். வட்டி கேட்க மாட்டான். ஆனால் பிடிக்கிற இறால் அவனுக்கே போக வேண்டும், விலையும் அவன் சொன்னதே விலை. அப்பா ஒரு முன்பணத்தை அடைக்கப் பதினோரு வருடம் ஆனது. ஹோட்டல்காரன் கொடுக்கும் பாயின்ட்டுக்கும் அந்த முன்பணத்துக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. நம் கைக்காசில் அதைத் தேடிப் போகாத வரை நாம் அவனுக்கு எதுவும் கடன்பட்டவர்கள் இல்லை. கம்பெனி கொடுத்த அறை வாடகையின் மேல் ஒட்டிக்கொண்டு வந்தது அது. இந்த வித்தியாசத்தைப் பிறகு மறுபடியும் சொல்வேன். ஏனென்றால் அங்கேதான் நம் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள்.

நான் ஒருமுறை இழந்தவள். மகள் பிறந்தபோது வேலையிலிருந்து ஒதுங்கி இருந்தேன். இரண்டரை வருடம் ஒரு ஹோட்டல் படியும் ஏறவில்லை. திரும்பி வந்து கணக்கைத் திறந்தால் பூஜ்ஜியம். அறுபதாயிரத்துக்கு மேல் இருந்தது. எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். விதி அவர்கள் வைத்தது, படிக்காமல் விட்டது நான். மாரியட், ஹயாட், ஹில்டன் மூன்றிலுமே இருபத்து நாலு மாதக் கணக்குத்தான். அதற்குள் ஒரு இரவு தங்கினாலோ, கொஞ்சம் பாயின்ட்டைச் செலவழித்தாலோ, கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். அன்று எனக்கு இது தெரியாது. குழந்தைக்காக ஒதுங்கியிருக்கும் தங்கைகளுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆப்பைத் திறந்து கடைசித் தேதியைப் பாருங்கள்.

இந்த பாயின்ட்டைக் கொடுத்து ஹோட்டலில் படுக்கையறையும் கூடமும் தனித்தனியாக உள்ள சூட் அறையையும் எடுக்கலாம். இனி அதற்கு வருகிறேன். இவ்வளவு பெரிய அறை நமக்கெதற்கு என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்பாவின் கண் ஆபரேஷன் வரை.

வலது கண்ணில் புரை. கோடியில் போகிற படகு இரண்டாகத் தெரிகிறது என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். எழும்பூர் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். 1819-ல் தொடங்கிய மருத்துவமனை, நம் கரையில் எத்தனையோ பேருக்குப் பார்வை திருப்பிக் கொடுத்த இடம். புரை ஆபரேஷன் ஒரு மணி நேரத்து வேலை. கஷ்டம் அதற்குப் பிறகுதான். மறுநாள் காலையில் கட்டுப் பிரித்துப் பார்க்க வர வேண்டும். வேளைக்கு வேளை சொட்டு மருந்து. கண்ணில் தண்ணீர், தூசி, அடுப்புப் புகை படக் கூடாது. எழும்பூரிலிருந்து சென்ட்ரல், அங்கிருந்து கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரி, பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் பழவேற்காடு, மறுநாள் விடியலில் அதே வழி மறுபடியும். கண்ணில் கட்டோடு எழுபது வயசுக்காரரை அப்படி இழுத்தடிக்க எனக்கு மனசு வரவில்லை. நான் வாடகைக்கு இருக்கும் வீடு மூன்றாவது மாடி, ஒரே அறை. அப்பாவோடு அம்மா, பெரியம்மா, தம்பி, தம்பி மனைவி, குழந்தை. நம் ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு ஒருத்தர் போனால் ஐந்து பேர் கூடப் போவார்கள். அதை யாரும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது.

இதற்கு முன்னால் இப்படி வந்த நம் சொந்தங்கள் எங்கே படுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஸ்டான்லி ஆஸ்பத்திரி நடைபாதையில். சென்ட்ரல் பிளாட்பாரத்தில். என் சித்தப்பாவின் கடைசி நாட்களில் சித்தி இருபத்தாறு இரவு நடைபாதையில் செய்தித்தாள் விரித்துப் படுத்திருந்தார்.

என்னிடம் பாயின்ட் இருந்தது. இரண்டு இரவுக்கு ஒரு சூட் அறை எடுத்தேன். படுக்கையறை தனி, உட்காரும் கூடம் தனி, நடுவில் கதவு, கூடத்தில் சோபா, இரண்டு குளியலறை. அப்பாவுக்கு இருட்டான அமைதியான அறை கிடைத்தது. கதவுக்கு இந்தப் பக்கம் குழந்தை அழலாம், பெரியம்மா உரக்கப் பேசலாம். இரண்டு சாதாரண அறை எடுத்திருக்கலாமே என்பீர்கள். அப்படி எடுத்தால் பாதிப்பேர் ஒரு தாழ்வாரத்துக்கு அந்தப் பக்கம் போய்விடுவார்கள். அப்பா ராத்திரி கூப்பிட்டால் அம்மாவுக்குக் கேட்க வேண்டும். நம் குடும்பம் தூங்குகிற விதத்துக்கு ஒரு கதவு தூரம்தான் சரி.

வரவேற்பு மேசையில் நடந்ததையும் மறைக்கவில்லை. கைலியோடு நின்ற அப்பாவையும் பிளாஸ்டிக் கூடையோடு நின்ற அம்மாவையும் அங்கிருந்த பையன் ஒரு தடவை பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். "மேடம், சூட் புக்கிங் உங்க பேர்லதானா?" என்று இரண்டு முறை கேட்டான். என் அலுவலகத் தோழர்களிடம் இரண்டாவது முறை கேட்டிருக்க மாட்டான். நான் குரலை உயர்த்தவில்லை. ஆறு பேரின் ஆதாரையும் மேசையில் வைத்தேன். இன்னும் இரண்டு படுக்கை வேண்டும் என்று முன்பே எழுதி, அவர்கள் சம்மதித்த மின்னஞ்சலைக் காட்டினேன். சாவி வந்தது. நீங்களும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். ஒரு அறைக்கு எத்தனை பேர் என்று ஒவ்வொரு ஹோட்டலுக்கும் வரம்பு உண்டு. சொல்லாமல் ஆறு பேரை அழைத்துப் போனால் தப்பு நம் பக்கம் ஆகிவிடும். வயசான அப்பாவை லாபியில் நிறுத்திவிட்டு விவாதம் செய்கிற நிலை உங்களுக்கு வரக் கூடாது. முன்பே எழுதிக் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள்.

மேலே போனதும் அம்மா சோபாவில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்து காலை நீட்டி, "இவ்ளோ இடம் ஒருத்தருக்கா விடறாங்க?" என்றார். பெரியம்மா ஜன்னலோரம் போய் நின்றவர் அரைமணி நேரம் அங்கிருந்து வரவில்லை. ஆபரேஷன் முடிந்து வந்து, இரவு சொட்டு மருந்து விட்டபோது அப்பா கேட்டார்: "எம்மா துட்டு இது?"

"துட்டு இல்லப்பா. வேலைக்குப் போய்ப் போய் இங்க தங்கினதுக்கு என் பேர்ல முறை சேர்ந்திருக்கு. பாடு மாதிரி."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உம் பேர்லயா?" என்றார்.

"எம் பேர்லதான்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் கட்டுப் பிரித்தபோது டாக்டரிடம், "எம் பொண்ணு பாட்டுல தங்கியிருக்கோம்" என்று சொன்னார். டாக்டருக்குப் புரிந்திருக்காது.

இப்போது வழிமுறைக்கு வருகிறேன். பாயின்ட்டைக் கொண்டு சூட் அறை எடுக்க நான்கு வழி உண்டு. எல்லா நிறுவனத்திலும் எல்லா வழியும் இருக்காது.

நேர்வழி, சூட் அறையையே பாயின்ட்டில் பதிவு செய்வது. ஹயாட்டில் சாதாரண அறைக்கு இவ்வளவு, சூட்டுக்கு இவ்வளவு என்று அட்டவணை உண்டு. சென்னையில் அண்ணா சாலையிலும் கிண்டியிலும் அவர்களுக்கு ஹோட்டல் இருக்கிறது. பதிவு செய்த நொடியில் சூட் உங்களுடையது. யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி, கல்யாணம் என்று உறுதியாகத் தேவைப்படும் நாளுக்கு நான் இதையே சொல்வேன். ஹில்டனிலும் சூட்டுக்கு பாயின்ட் விலை காட்டும், ஆனால் பெரும்பாலும் மிக அதிகமாக இருக்கும், கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, சாதாரண அறையை பாயின்ட்டில் எடுத்துவிட்டு அதை உயர்த்திக்கொள்வது. வருடத்தில் நிறைய இரவு தங்குகிறவர்களுக்கு இதற்கென்றே தனிச் சீட்டு தருகிறார்கள். மாரியட்டில் வருடம் ஐம்பது இரவு தங்கினால் அப்படிச் சீட்டைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அது கிடைத்ததா இல்லையா என்பது போவதற்குச் சில நாள் முன்புதான் தெரியும். ஹயாட்டின் சீட்டு பதிவின்போதே உறுதியாகிவிடும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

மூன்றாவது, பாயின்ட்டை ரூபாயாகவே கொடுப்பது. தாஜ் ஹோட்டல்கள் இப்போது டாடா நியூவோடு சேர்ந்திருக்கின்றன. 2022 ஏப்ரலில் வந்த ஏற்பாடு. ஒரு நியூகாயின் ஒரு ரூபாய். எந்த அறையானாலும் பில்லில் கழித்துக்கொள்ளலாம். லாபம் குறைவு, ஆனால் குழப்பமும் இல்லை. நான்காவது வழி, நேரில் போய் மேசையில் சிரித்த முகத்தோடு கேட்பது. ஆள் குறைந்த நாளில் கிடைக்கும். வயசானவர்களை அழைத்துப் போகும்போது அதை நம்பாதீர்கள்.

பாயின்ட்டில் எடுப்பதா, காசு கொடுப்பதா என்று எப்படி முடிவு செய்வது? ஏலக்கணக்குத்தான். பன்னிரண்டாயிரம் ரூபாய் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 14,160. அதே அறைக்கு இருபதாயிரம் பாயின்ட் கேட்டால் ஒரு பாயின்ட் எழுபது பைசா ஆகிறது. பாயின்ட்டில் தங்கினால் பெரும்பாலும் வரி கேட்பதில்லை, அதனால் வரியையும் சேர்த்தே வகுக்க வேண்டும். இன்னொரு தேதியில் அதே அறைக்கு நாற்பதாயிரம் கேட்டால் முப்பத்தைந்து பைசாதான். தேதி மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். மாரியட் 2022 மார்ச்சில் பழைய அட்டவணையை எடுத்துவிட்டது. அன்றிலிருந்து விலை நாளுக்கு நாள் மாறுகிறது, இறால் ஏலம் மாதிரி. இதனால்தான் சேர்த்து வைத்துப் பூட்டாதீர்கள் என்கிறேன். அவர்கள் அச்சடிக்கும் நோட்டு அது. நாளைக்கு எத்தனை வாங்கும் என்பதை முடிவு செய்கிறவர்களும் அவர்களே.

சூட் என்று பெயர் போட்டதெல்லாம் சூட் அல்ல. ஜூனியர் சூட், ஸ்டூடியோ சூட் என்றால் பெரும்பாலும் ஒரே அறைதான், மூலையில் ஒரு சோபா கூடுதல். நடுவில் கதவு இருக்கிறதா என்று படத்தைப் பாருங்கள், புரியாவிட்டால் ஹோட்டலுக்கே போன் செய்து கேளுங்கள். பகலிலேயே கேளுங்கள், விவரம் தெரிந்தவர் எடுப்பார்.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் சுற்றுகிற வேலையில் இருந்தால் பாயின்ட்டை ஒன்றாகச் சேர்க்க முடியும். ஹில்டனில் உங்களையும் சேர்த்துப் பதினோரு பேர் வரை ஒரே கணக்கில் கூட்டு வைக்கலாம், கட்டணம் இல்லை. ஒருவரிடம் ஒரு இரவுக்குக்கூடப் போதாமல் கிடப்பது, நான்கு பேர் சேர்ந்தால் அம்மா அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஆகும்.

கம்பெனியில் உங்களுக்கு டிக்கெட் போடுகிறவரிடம் உறுப்பினர் எண்ணைக் கொடுத்து வையுங்கள். இடைத்தரகு வலைத்தளங்கள் வழியாகப் பதிவு செய்தால் பெரும்பாலும் பாயின்ட் சேராது. அலுவலகப் பயணத்தில் சேரும் பாயின்ட்டை ஊழியர் எடுத்துக்கொள்ளலாமா என்று உங்கள் நிறுவனத்தின் விதியையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். நான் ஆடிட்டர். ஒளித்து எடுக்கிற எதிலும் எனக்குச் சம்மதமில்லை.

முன்பணம் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். 2023 ஆகஸ்டில் எச்டிஎஃப்சி வங்கியும் மாரியட்டும் சேர்ந்து இந்தியாவில் ஒரு கிரெடிட் கார்டு கொண்டு வந்தார்கள். வேறு கார்டுகளின் பாயின்ட்டையும் ஹோட்டல் கணக்குக்கு மாற்ற முடிகிறது. மாதாமாதம் முழுப் பணத்தையும் கட்டுகிறவனுக்கு அதில் கெடுதல் இல்லை. ஆனால் சூட் அறை கிடைக்கும் என்று தேவையில்லாததை வாங்கி, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால், மாதம் மூன்றரை சதவீதம் அளவுக்கு வட்டி. வருடத்துக்கு நாற்பதைத் தாண்டும். நம் வியாபாரிகூட இந்த வட்டி கேட்டதில்லை. நான் அறிந்த ஒரு பையன் தங்குகிற இரவுகளின் கணக்கைக் கூட்டி ஹோட்டலில் தன் உறுப்பினர் அந்தஸ்தைக் காப்பாற்ற வேண்டும் என்று டிசம்பரில் தன் கைக்காசில் எட்டு இரவு சும்மா ஹோட்டலில் படுத்தான். அந்த மாதம் ஊருக்குப் பணம் அனுப்பவில்லை. அவன் அப்பாவுக்கு வலை கிழிந்திருந்தது. தம்பி, அது பாடு அல்ல, முன்பணம் மாதிரி ஒரு கட்டு. கம்பெனிச் செலவில் தானாக வருவதை வாங்கிக்கொள்ளுங்கள். அதைத் துரத்திக்கொண்டு ஒரு ரூபாயும் போகாதீர்கள்.

உங்களில் சிலர் எனக்கு வேறு பதில் சொல்வீர்கள் என்று தெரியும். "முகத்துவாரம் மண் மூடிக் கிடக்கு, எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகம் வந்து கடலே மாறிப்போச்சு, ஏரியில மீன் இல்ல, நீ என்னமோ ஹோட்டல் ரூம் பத்திப் பேசற" என்று ஒரு தங்கை முகத்துக்கு நேராகவே கேட்டாள். அவள் கேட்டது நியாயம். முகத்துவாரத்துக்காகப் போராட வேண்டியதுதான், அந்தக் கூட்டங்களுக்கு நானும் போகிறேன். ஆனால் மீன் குறைந்துபோனதால்தான் நீங்களும் நானும் ஊரை விட்டு வெளியே வந்தோம். வெளியே வந்த உழைப்பில் கூலி போக மிச்சமாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அது யாருக்கும் உதவாமல் ஒரு கம்பெனியின் கணக்கில் அழிந்து போவதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். ஐம்பது வருடம் உப்புத் தண்ணீரில் நின்ற கால்கள் இரண்டு நாள் சுத்தமான கட்டிலில் நீண்டு படுக்கட்டும். சித்தி படுத்த நடைபாதையில் நம் வீட்டிலிருந்து இன்னொருவர் படுக்க வேண்டாம்.

உல்லாசத்துக்குப் போகக் கூடாதா என்றால், தாராளமாகப் போகலாம். கல்யாணமான புதிதில் தங்கையும் மாப்பிள்ளையும் போகட்டும். பெண்டாட்டிக்கு ஒரு நாள் அடுப்பங்கரையிலிருந்து விடுதலை வேண்டாமா? ஆனால் முதல் முறை அம்மா அப்பாவுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். "நமக்கெதுக்கு அதெல்லாம்" என்பார்கள். கேட்காமல் பதிவு செய்யுங்கள். ரத்து செய்யப் பெரும்பாலும் ஓரிரு நாள் முன்புவரை இடமிருக்கும்.

கல்யாணத்தில் பார்த்த தம்பி என்ன செய்தான் என்று சொல்லவில்லையே. அம்மாவின் முட்டிக்குச் சென்னையில் வைத்தியம் பார்க்கத் தேதி வாங்கி, அந்த மூன்று இரவுக்கு சூட் அறை பதிவு செய்துவிட்டான். பாயின்ட்டும் தப்பியது. போகும்போது நண்டுக் குழம்பு எடுத்துப் போகலாமா என்று அவன் அம்மா என்னிடம் போனில் கேட்டார். வெளிச்சாப்பாட்டை விடுவார்களா என்று முன்பே கேட்டு எழுதி வாங்கச் சொல் என்றேன்.

பொங்கலுக்கு நான் ஊரில்தான் இருப்பேன். போகியிலிருந்து காணும் பொங்கல் வரை, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், கோட்டைக்குப்பத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில். போனை எடுத்து வாருங்கள், பாஸ்வேர்டைக் கண்டுபிடித்து வையுங்கள். கடைசித் தேதியைச் சேர்ந்து பார்ப்போம், அங்கேயே பதிவும் செய்வோம். அம்மாவையும் அழைத்து வாருங்கள். எந்த நாள் போகலாம் என்று சொல்ல வேண்டியவர் அவர்.

அன்புடன்,
உங்கள் அக்கா
கோட்டைக்குப்பம், பழவேற்காடு